நாலு காடியா, அஞ்சு காடியா

ராய்ஸ் டீட்ஸும் அவன் மச்சான் ஹார்லனும் முகம் கொடுத்துப் பேசி எட்டு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, ஒருத்தன் வீட்டு நாய் இன்னொருத்தனைக் கடிக்கவும் இல்லை. ரைஃபிள் குழலுக்குள் எத்தனை காடி இருக்க வேண்டும் என்பதில் வந்த வினை. பென்சில்வேனியா மலைக்காட்டில் மனுஷனுக்கு வேறு கவலையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அதெல்லாம் இதற்கு அப்புறம்.

குழலின் உட்சுவரில் முறுக்கு முறுக்காகக் காடி என்கிற பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். அதில் பிடித்துக்கொண்டு குண்டு பம்பரமாகச் சுற்றும். சுற்றினால்தான் நேராகப் போகும். இதில் யாருக்கும் சண்டையில்லை. எத்தனை காடி என்பதில்தான் குடியே முழுகும்.

எட்டு வருஷம் முன்னால், நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே ஹார்லன் ஆரம்பித்தான். “நாலு காடிதான்டா சரி. கட்டிலுக்கு எத்தனை கால்? அஞ்சு கால் கட்டில்ல எவனாவது படுத்திருக்கானா?”

“உன் கையில விரல் எத்தனை?” என்றான் ராய்ஸ். “கடவுள் நாலோட நிறுத்திட்டாரா? நாலு காடின்னா நடுவுல இருக்கிற மேட்டுக்கு நேர் எதிரே மேடு வரும். ரெண்டு பக்கமும் குண்டை நசுக்கும். அஞ்சுன்னா மேட்டுக்கு எதிரே பள்ளம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான்.”

அவ்வளவுதான். ஹார்லன் பூசணி இனிப்பைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போனவன்தான். அந்தத் தட்டுகூட நெட்டிக்குத் திரும்பி வரவில்லை.

நெட்டி ராய்ஸின் பெண்டாட்டி, ஹார்லனின் அக்கா. இரண்டு கழுதைக்கும் நடுவே எட்டு வருஷம் தூது போய்ப் போய் அவளுக்குக் கால் தேய்ந்துவிட்டது. இப்போது எழுபத்தொரு வயதில் ஹார்லன் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருக்கப் போகிறான். மாதம் பிறந்தால் பயணம்.

“இருக்கிறது ஒரே தம்பி. போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசு ராய்ஸ்,” என்றாள்.

“பேசுறேனே. நாலு காடி தப்புன்னு அவன் வாயால சொல்லட்டும்.”

ஹார்லனிடம் போனால், நாலை அஞ்சாக மாற்றி அதே பதில். நெட்டிக்குப் பொறுமை போய்விட்டது. “சனிக்கிழமை கிளப் போட்டியில ரெண்டு பேரும் சுடுங்க. தோத்தவன் சாப்பாட்டு நேரத்துல எல்லார் முன்னாலயும் எழுந்து ‘நான் சொன்னது தப்பு’ன்னு சொல்லிட்டு மத்தவன் கையைப் பிடிக்கணும். மாட்டேன்னா என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, கட்டின புருஷனானாலும் சரி.”

இருவரும் சட்டென்று ஒப்புக்கொண்டார்கள். தோற்கப் போவது மற்றவன் என்று இருவருக்குமே சந்தேகமில்லை. ஆனால் ராய்ஸுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஹார்லன் இல்லாத ஆற்றங்கரையில் தனியாக மீன் பிடித்துப் பிடித்து அலுத்துப் போய்விட்டது. ஜெயித்தால் அந்த வீம்புக்காரன் தப்பை ஒப்புக்கொள்வானா, சொல்லிக்கொள்ளாமல் அரிசோனா போய்ச் சேருவானா?

அந்தக் கிளப்பில் சுடுவது மானையும் இல்லை, பகைவனையும் இல்லை. கல் மேஜையில் மணல் பை, பையில் ரைஃபிள், நூறு கஜத்தில் ஒரு காகிதம். அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில் போக வேண்டும். ஓட்டை எவ்வளவு விரிந்தது என்று அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு அளப்பார்கள். வழி நெடுகக் காற்றின் போக்கைக் காட்டும் காத்தாடிகள். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றும்வரை பெரிய மனுஷர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்டாட்டி கூப்பிட்டால் காது கேட்காது, அந்தக் காத்தாடி முனகினால் கேட்கும்.

ராய்ஸ் ஜெயித்தான். ஒரு தலைமயிர் கனம் வித்தியாசம். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பாடு. கோழிக் குழம்பு ஊற்றிய வாஃபிள் அப்பத்தைத் தொடாமல் ஹார்லன் எழுந்தான். நாற்பது பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்தது. பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். ராய்ஸும் பாதி எழுந்து நின்றான். போடா போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, நில்லுடா என்று சொல்லவும் வரவில்லை.

ஜெயித்த குழலுக்குள் கம்பி போன்ற கேமராவை விட்டுப் பெரிய டிவியில் காட்டுவது அந்தக் கிளப்பில் வழக்கம். மற்ற நாளில் ஒருத்தரும் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். நன்றாகச் சுடுகிற குழலுக்குள் எட்டிப் பார்த்தால் திருஷ்டி பட்டுவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

“இன்னிக்கு எதுக்கு அது? சாப்பாடு ஆறுது,” என்றான் லெஸ்டர். வட்டாரத்தில் குழல் பொருத்தித் தருகிறவன் அவன் ஒருத்தன்தான். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை.

டிவியில் குழல் பளபளவென்று விரிந்தது. கூடமே சேர்ந்து எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அஞ்சாவதைத் தேடினார்கள். இருந்தால்தானே!

வாசல்வரை போன ஹார்லன் திரும்பினான். “என்னோடதையும் போடு,” என்றான். அதில் அஞ்சு.

எல்லாருடைய கண்ணும் லெஸ்டர் மேல் விழுந்தது. “ரெண்டு குழலும் ஒரே நாள்தான் வந்துச்சு. ஒரே நீளம். வாஷிங் மிஷின் உடைஞ்சுதுன்னு என் பெண்டாட்டி போன் பண்ணினா. பேசிட்டு வந்து பார்த்தா, எது யாரோடதுன்னு...” என்று இழுத்தான்.

“அப்போ எத்தனை காடியா இருந்தாலும் ஒண்ணுதானே?” என்றாள் நெட்டி, சத்தமாக.

சர்ச்சில் கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, நாற்பது பேரும் குழம்பில் கவனம் வைத்தார்கள்.

“அதான் போன செப்டம்பர்ல எனக்கு வலது பக்கமா இழுத்துச்சு!” என்று கத்தினான் ராய்ஸ்.

“உனக்கு மட்டுமாடா? எனக்கும்தான்!” என்று ஹார்லன் கத்தினான். எட்டு வருஷத்தில் ஒருத்தனுக்கு ஒருத்தன் பேசிய முதல் வார்த்தை அது. அடுத்த நிமிஷம் இருவரும் லெஸ்டரை ஆளுக்கொரு பக்கம் மடக்கிக்கொண்டார்கள். “இது போன வருஷம் போட்ட குழல். அதுக்கு முந்தினதும் நீதானேடா பொருத்தினே? அதுக்கும் முந்தி?” எல்லாத்துக்கும் லெஸ்டர் தலையாட்டினான்.

“உன் பழசெல்லாம் என்ன பண்ணினே?” என்று ராய்ஸ் ஹார்லனைக் கேட்டான்.

“எல்லாரும் பண்றதுதான். தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்.”

“வண்டியில ஏறு.”

ராய்ஸின் வண்டியில் நெட்டியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். ஹார்லன் வீட்டுப் பின்புறம் தக்காளிப் பாத்தியில் துருப்பிடித்த குழல்கள் வரிசையாக நின்றன. இரண்டு கிழவர்களும் மண்ணில் மண்டியிட்டு, குழலைப் பிடுங்கி, குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்து, சூரியனைப் பார்த்துப் பிடித்து எண்ணினார்கள். முதல் குழலில் நாலு. அடுத்ததில் அஞ்சு. மூன்றாவதில் ஆறு, அது யாருடையதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஹார்லன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “எட்டு வருஷம்டா ராய்ஸ்.”

ராய்ஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிச்சுக்கடா, நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல என்று சொல்லத்தான் நினைத்தான். வாயில் வந்ததோ வேறு. “இதுவரைக்கும் சுட்டது ஒண்ணும் செல்லாது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து சுடணும்.”

“ஆமா, சுடத்தான் வேணும்,” என்றான் ஹார்லன். மண் கையோடு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான். “நான் வரலம்மா, வீட்டையும் விக்கல. இங்க வேலை கிடக்கு... இல்ல, விளையாடல. எப்ப முடியும்னா?” ராய்ஸைப் பார்த்தான். “குறைஞ்சது எட்டு வருஷம் ஆகும்.”

நெட்டி வேலி ஓரமாகத் திரும்பி நின்று அழுதாள். ராய்ஸுக்குக் காதில் விழுந்தது; அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழலைப் பிடுங்கினான்.