வரவேற்பு வெடி

ராஜசிங் வாத்தியார் ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? சங்கரலிங்கம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏலே நாகையா, வெடி போட்டா வெடியாப் போடணும். நான் ஆமத்தூர்ல வரும்போதே காதுல விழணும்லே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நாகையா அங்கே மருந்து கலக்குகிறவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை ராஜசிங்கிடம் ட்ரில் படித்தவன். திருத்தங்கல் பக்கம் கல்யாணமோ எலெக்‌ஷனோ சாமி புறப்பாடோ, எதுவானாலும் வெடிதான் முதல் மரியாதை. வாத்தியார் ஓடி முடிக்கிற இடத்து வேப்பமரத்தில் முதலாளி ஏற்கெனவே சரவெடியைத் தொங்கவிட்டிருந்தார்.

"சரம் எல்லாருக்குந்தான் போடுறோம் சார். ஒங்களுக்குன்னு நான் தனியா ஒண்ணு கட்டுறேன்" என்றான் நாகையா. "நாளைக்கு ஞாயித்துக்கெழம, கம்பெனி லீவுதான். காலைல போயி முடிச்சிருவேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாத்தியார் சொல்லவில்லை. சொல்வாரா? அவருக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது.

தேசியப் போட்டி மாரத்தானில் ஓட வேண்டும் என்று அவருக்குப் பைத்தியம் பிடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தாறு மைலை இரண்டே முக்கால் மணிக்குள் ஓடிக் காட்டினால்தான் பெயர் மேலே போகும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஓடிப் பார்த்து, இரண்டு தடவையும் கோட்டை விட்டவர். வயது முப்பத்து மூன்று. இந்த 1958 கோடையை விட்டால் அப்புறம் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அவர் மனைவி இசபெல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஆராதனைய விட்டுட்டு ஓடப் போறீக. ஓடிட்டு வாங்க. இதோட இத தலமுழுகிருங்க" என்று சொல்லி டியூட்டிக்குப் போய்விட்டாள்.

திருத்தங்கலில் இருட்டோடு புறப்பட்டு, ஆமத்தூர் தாண்டி, விருதுநகர் எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஓடியது நாலு பேர். விருதுநகரிலேயே ஒருவன் பஸ் ஏறிவிட்டான். திரும்பி வரும்போது மற்ற இருவரும் ஆமத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியார் மட்டும் ஓடினார். வெயில் ஏறி ரோட்டுத் தார் சுட ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் கடிகாரம் கிடையாது; இந்தத் தடவையும் பிந்திவிட்டோம் என்று நினைத்து இன்னும் எட்டி வைத்தார்.

கடைசி மைலில் அந்தச் சத்தம் வந்தது. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. உடைமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன.

அடப்பாவி நாகையா, சொன்ன மாதிரியே பண்ணிவிட்டானே என்று வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று தன்னைப் பார்த்தானோ என்று நினைத்தார். செத்த கால்களுக்கு உயிர் வந்தது. எதிரே ஊர்ச்சனம் ரோட்டில் ஓடி வருவது தெரிந்தது. தன்னை எதிர்கொண்டு அழைக்கத்தான் வருகிறார்கள் என்று கையை உயரத் தூக்கி ஆட்டினார். ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. கம்பெனிக்குப் போகிற வண்டிப்பாதையில் விழுந்து ஓடினார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் நாகையாவின் பெண்டாட்டி பொன்னுத்தங்கம், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். ஓடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தானே. வாத்தியார் குடத்தை வெடுக்கென்று பிடுங்கினார். இரண்டு மடக்கு குடித்தார். மிச்சத்தை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அவள் முகம் தெரிந்தது. வண்டிப்பாதைப் பக்கம், கம்பெனி இருந்த திசையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வேப்பமரம் வேறு திசை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னுத்தங்கம் அவர் கையிலிருந்த வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு, அதே வேகத்தில் புகையைப் பார்த்து ஓடினாள்.

சரி, தெரியாமல் செய்ததை விட்டுவிடலாம். தெரிந்தபிறகாவது நின்றாரா? நிற்கவில்லை. கால் தானாக ஓடியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம்தானே, முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஓடினார். அந்த நினைப்பு அவருக்குச் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

வேப்பமரத்தடியில் கடிகாரத்தோடு, நேரம் குறிக்க வந்த விளையாட்டுச் சங்கத்துக்காரர் மட்டும் நின்றார். சரவெடி கொளுத்த ஆளில்லாமல் கிளையில் தொங்கியது.

"ரெண்டு நிமிசம் மிச்சம் வச்சு வந்துட்டீங்க சார்" என்று கை நீட்டினார் அவர்.

வாத்தியார் கையைக் கொடுக்கவில்லை. திரும்பிக் கம்பெனிக்கு ஓடினார். அதற்குள் நாகையாவை லோடு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தரையில் அங்கங்கே குடங்கள் உருண்டு கிடந்தன.

"உசுருக்குப் பயமில்ல. ரெண்டு கையும்தான் போச்சு" என்றாள் இசபெல் அன்று ராத்திரி. "பாவம், நாள் பூரா தண்ணி தண்ணின்னு ஒரே பொலம்பல். நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீக?"

வாத்தியார் தட்டைத் தள்ளி வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? வாத்தியார் குடத்தைப் பிடுங்கிக் குளித்த கதை டீக்கடைக்கு டீக்கடை ஓடியது. அவர் இசபெலுக்குச் சாப்பாடு கொண்டுபோனால் ஆஸ்பத்திரி கேட்டிலேயே தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுவார். ஒரு நாள் அந்த கேட்டிலேயே பொன்னுத்தங்கம் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஏன் உள்ள வரமாட்டேங்கீக? ஊர்ல ஆளாளுக்குப் பேசுறாகன்னா? அவுக வாய நான் அடைச்சிட்டேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது, ஓட்டத்துல இருந்தாரு, தெரிஞ்சா நின்னுருக்க மாட்டாரான்னு கேட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார். இது அவரால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் தாயி" என்றார். "குடத்த நீ திருப்பி வாங்கும்போதே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் ஓடுனேன்."

ஒரு ஜட்கா வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"இத அவர்ட்ட சொல்லிராதீக" என்றாள் கடைசியில். "ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. வாங்க."

நாகையா இரண்டு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் தலையைத் தூக்கப் பார்த்தான்.

"தேறிட்டீகளாமே சார். முதலாளி சொன்னாரு."

"ஆமாலே."

"ஒங்களுக்குக் கட்டுனதுதான் சார் கடைசில கைதவறிப் போச்சு." அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "சத்தம் கேட்டுச்சா?"

வாத்தியார் பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"கேட்டுச்சுலே."

"நல்லாருந்துச்சா சார்?"

"நல்லாருந்துச்சு" என்றார் வாத்தியார்.

பொன்னுத்தங்கம் டம்ளரில் தண்ணீர் எடுத்துப் புருஷன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஆரம்பித்தாள்.