ஹவுஸ்மன் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

டாக்டர் மகேஸ்வரன் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அவர்மேல் எரிச்சல்தான் வரும். செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து முன்னுக்கு வந்து, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகப் பொது மருத்துவ நிபுணராக இருக்கிறார். நோயாளிகளிடம் தங்கமானவர். வாய் மட்டும்தான் சரியில்லை, அதுவும் ஹவுஸ்மன் பிள்ளைகளிடம் மட்டும்.

ஹவுஸ்மன் என்றால் மருத்துவம் படித்து முடித்து, நான்கு மாதத்துக்கு ஒரு வார்டாக மாறி மாறி வேலை பழகும் புது டாக்டர்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவர்களுக்கென்று ஒரு கையேடு உண்டு. சட்டைப் பையில் அடங்கும் அளவு, சுருள்கம்பி போட்டது. எந்த மருந்து எவ்வளவு, எந்த நோய்க்கு முதலில் என்ன செய்வது, லேபுக்கு எந்த எண் என்று எல்லாம் அதில் இருக்கும். மூலப் பிரதி வார்டு கவுண்டர் மேசை இழுப்பறையில் கிடக்கும். வார்டை விட்டுப் போகிற கூட்டம் தான் பட்டுத் தெரிந்துகொண்டதை அதில் பேனாவால் எழுதிவிட்டுப் போகும். எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் அதை நகலெடுத்துப் புதிதாக வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள்.

பதினான்காம் பக்கம் டிங்கிக் காய்ச்சல், அதாவது டெங்கு. அதை எழுதியதே மகேஸ்வரன்தான். பதினைந்து வருடத்துக்கு முன், இதே வார்டில் சாதாரண டாக்டராக இருந்தபோது உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. 'காய்ச்சல் விட்டதும் நிம்மதியடையாதே, ஆபத்து அப்போதுதான் தொடங்கும். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதே. நோயாளியின் கையைத் தொட்டுப் பார். சில்லென்றிருந்தால் உடனே மேலே உள்ளவரைக் கூப்பிடு.' அந்தப் பக்கத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அப்படிப்பட்டவருடைய வார்டில்தான் சபாபதி டிங்கியில் செத்துப்போனார். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வந்தவர், நாற்பத்தாறு வயது, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்ச்சல் விட்டிருந்தது. மனைவி தனலெட்சுமி கொண்டுவந்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்தார். இரண்டு மணிவாக்கில் தளர்ந்துபோனார். வார்டு டாக்டர் வேறொரு நோயாளியை ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்ததால், வார்டில் இருந்தது வேலைக்கு வந்து மூன்றே வாரமான லோஷினி ஒருத்திதான். அவள் இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். லேபில் மிஷின் கோளாறு. ரிசல்ட் வந்தபோது நாலேகால். அதற்குப் பிறகுதான் மகேஸ்வரனைக் கூப்பிட்டாள். அவர் வீடு பத்து நிமிடத் தூரம். வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் நனைந்த காற்சட்டையோடு ஓடிவந்தார். ஓடிவந்து என்ன செய்ய? ஏழு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலிடம் கேட்டது. மகேஸ்வரன் திங்கட்கிழமையே எழுதிவிட்டார். 'நிபுணருக்குத் தகவல் தருவதில் பயிற்சி மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதம்.' அந்த ஒரு வரி போதும், லோஷினியின் பயிற்சிக் காலம் நீளும். போகிற வார்டிலெல்லாம் அவள் வருவதற்கு முன் அவள் பேர் போய்ச் சேர்ந்துவிடும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்ன செஞ்சிட்டு இருந்த?"

"பிளட் ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணேன், டாக்டர்."

"ரிசல்ட்டுக்கா? புக்ல பதினாலாம் பக்கம் படிக்கலயா நீ? அத எழுதுனதே நான் லா."

"படிச்சேன், டாக்டர்."

"படிச்சிட்டு?"

லோஷினி வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அதன் கடைசித் தாள் மடிக்கப்பட்டுக் கிளிப் போடப்பட்டிருந்தது. கிளிப்பைக் கழற்றி, தாளைப் பிரித்து, அவர் முன்னால் வைத்தாள்.

"கடைசிப் பக்கத்தையும் படிச்சேன், டாக்டர்."

அப்படியொரு பக்கம் இருப்பதே மகேஸ்வரனுக்குத் தெரியாது. அவர் எழுதிய காலத்தில் அது இல்லை. பின்னால் வந்த பிள்ளைகள் சேர்த்தது, பெரிய டாக்டர்கள் கண்ணில் படாமல் மடித்தே வைத்திருந்தது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தலைப்பு. ஆங்கிலமும் மலாயும் கலந்து ஒவ்வொரு நிபுணருக்கும் ஒரு வரி. ஒருவர் சாப்பிட்ட பிறகு நல்லவர். இன்னொருவருக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடு. ஒருவருக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், பக்கத்தில் சிரிக்கும் முகம் வேறு. மகேஸ்வரனுக்கு எழுதியிருந்ததன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. 'ரிசல்ட் கையில் இல்லாமல் கூப்பிடாதே. கூப்பிட்டவர்கள் அழுதார்கள்.'

அவர் அதை மூன்று தடவை படித்தார். முதல் தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது லோஷினி கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள், திட்டு விழட்டும் என்று காத்திருப்பவள்போல. "நீ போம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வரியை எழுதியது யாரென்று தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது அவருக்கு. தெரிந்து என்ன கிழிக்கப் போகிறார்? ஆனாலும் வார்டின் தலைமைத் தாதி சிஸ்டர் பியாட்ரிஸிடம் போய்ப் புத்தகத்தை நீட்டினார். இருபது வருடமாக அங்கே இருப்பவர் அவர். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கிரகோரி கையெழுத்து, டாக்டர். அஞ்சு வருஷம் இருக்கும். எட்டாம் நம்பர் பெட்டு முன்னால நிக்க வச்சி, ரிசல்ட் இல்லாம எதுக்கு என்னக் கூப்பிட்டேன்னு கேட்டீங்க. ஃபைல மேசையில வீசுனீங்க. நோயாளி வீட்டு ஆளுங்கல்லாம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தப் பையன் டாய்லெட்ல போயி அழுதான். நான்தான் கோப்பி கொண்டுபோயி குடுத்தேன்."

மகேஸ்வரன் யோசித்துப் பார்த்தார். எட்டாம் நம்பர் கட்டில் ஞாபகம் வந்தது, கிரகோரியின் முகம் வரவில்லை. அப்படி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார், எந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள?

"நீங்க ஏன் சிஸ்டர் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"உங்ககிட்டயா, டாக்டர்?" என்றார் பியாட்ரிஸ். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

கிரகோரி இப்போது மெர்சிங்கில் கிளினிக் வைத்திருந்தான். மத்தியானம் அவர் கூப்பிட்டபோது உடனே எடுத்தான். மகேஸ்வரன் சுற்றி வளைக்காமல் சபாபதி விஷயத்தைச் சொன்னார், கடைசிப் பக்கத்தைச் சொன்னார்.

"டாக்டர், உங்கள மட்டம் தட்ட எழுதல நான்" என்றான் கிரகோரி. "அடுத்து வர்றவங்க என்ன மாதிரி வாங்கிக் கட்டிக்கக் கூடாதேன்னு எழுதுனேன். நல்லதுன்னு நெனச்சிதான் எழுதுனேன்."

"தெரியுதுப்பா."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிப் போட்டுடுங்க, டாக்டர்."

"நீ எழுதுனது உண்மதானப்பா" என்றார் மகேஸ்வரன்.

புதன்கிழமை தனலெட்சுமி வந்தார். சபாபதியின் முதலாளிக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. மகேஸ்வரன் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடிதத்தைப் பையில் வைத்துவிட்டு அந்த அம்மாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வந்ததுலேருந்து ஓடி ஓடிப் பாத்தீங்க, டாக்டர். அந்தச் சின்ன டாக்டரம்மாவும் பாவம். ரெண்டு மணியிலேருந்து அவரு கையப் புடிச்சிக்கிட்டே நின்னுச்சி. கை சில்லுன்னு இருக்கே, சில்லுன்னு இருக்கேன்னு அதுவே சொல்லிக்கிட்டு இருந்துச்சி. போன எடுக்கும், பாக்கும், திரும்பப் பையில போட்டுக்கும்."

ஆக, லோஷினி பதினான்காம் பக்கத்தின்படிதான் செய்திருக்கிறாள். தொட்டுப் பார்த்திருக்கிறாள், தெரிந்துகொண்டிருக்கிறாள். அவர் எழுதியது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். கூப்பிடு என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றுபோயிருக்கிறது. அந்த நேரத்தில் இவர் கார் டயருக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். போன் காற்சட்டைப் பையில்தான் இருந்தது.

"நான் முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றார்.

"கூப்பிட்ட ஒடனே வந்துட்டீங்களே டாக்டர், நீங்க என்ன செய்வீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்தார் தனலெட்சுமி. அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா, என் வாய்க்குப் பயந்துதான் அந்தப் பெண் கூப்பிடவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. கதவுவரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். இன்றைக்கும் அவரை அரிக்கிறது அதுதான்.

வாயால் முடியாததை எழுத்தில் செய்தார். அறிக்கையில் பழைய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். பயிற்சி மருத்துவர் நோயாளியின் நிலையைச் சரியாகவே கணித்தார், ரிசல்ட் இல்லாமல் அழைப்பவர்களை நான் பலமுறை அவமதித்திருக்கிறேன், அந்தப் பயமே தாமதத்துக்குக் காரணம், பொறுப்பு என்னுடையது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மேலிடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள், அவர் பேருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லோஷினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வார்டுக்குப் போய் மேசை இழுப்பறையிலிருந்த மூலப் பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிரகோரியின் வரிக்குக் கீழே தன் கைப்பட எழுதினார். 'இது என் தப்பு. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். ரிசல்ட் வேண்டாம். திட்டமாட்டேன். மகேஸ்வரன்.' போன் எண்ணையும் போட்டார்.

மூன்று மாதம் போயிற்று. லோஷினி அந்த வார்டில் இருந்த கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை காலை, செடெனாக்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"டாக்டர், லோஷினி பேசுறேன். பன்னெண்டாம் நம்பர் பெட்டு பேஷண்டுக்கு மூச்சு வாங்குது..."

"ரிசல்ட் என்ன?"

கேட்ட பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. பழைய குரல், சுள்ளென்று. மறுமுனையில் பேச்சு நின்றுவிட்டது. பின்னால் வார்டுச் சத்தம் மட்டும் வந்தது.

"இல்லம்மா, இல்ல. சொல்லு. ரிசல்ட் வேணாம், நீ பாத்தத சொல்லு."

அவள் சொன்னாள். இலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். லோஷினியிடம், நல்ல வேளை கூப்பிட்டாய் என்று வார்டு நடுவில் எல்லார் காதிலும் விழச் சொன்னார். அவளும் "தேங்க் யூ, டாக்டர்" என்றாள். அந்த ஒரு கேள்வியை அவள் மறந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கத்தான் எவ்வளவு ஆசை அவருக்கு!

அடுத்த வாரம் புதுக் கூட்டம் வந்தது. நகலெடுக்கப் போவதற்காகப் புத்தகம் கவுண்டர்மேல் கிடந்தது. கடைசித் தாள் மறுபடியும் மடிக்கப்பட்டுக் கிளிப் போடப்பட்டிருந்தது. மகேஸ்வரன் பிரித்தார். அவர் எழுதியதற்குக் கீழே, போகிற கூட்டத்தில் ஒருத்தி எழுதிவிட்டுப் போயிருந்தாள். மூன்று மாதமாக நோயாளிகளின் ஃபைலில் தினமும் பார்த்த, சின்னச் சின்ன உருண்டை எழுத்து.

'இதை அவரேதான் எழுதினார். மனசார எழுதினார். கட்டாயம் கூப்பிடு, வருவார். ஆனாலும் முதல் கேள்விக்குப் பயப்படாமல் நில்.'

பேனா கையில்தான் இருந்தது. அடிப்பதற்கு அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடைக்குப் போக நின்ற புது ஹவுஸ்மன், "டாக்டர், கடைசிப் பக்கமும் காப்பி எடுக்கவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"எல்லாருக்கும் எடுப்பா" என்று புத்தகத்தை அவனிடம் கொடுத்தார்.