கொஞ்சம் நிறுத்துங்க

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் கணவன் மனைவி. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் தப்பித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தாண்டினால் கதை தலைகீழ். கேட்ட கருவி கைக்கு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், மனுஷன் வெடித்துவிடுவார். நர்ஸ்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பட்டாசு'. கைராசிக்காரர், ஏழைபாழை என்று பார்க்காமல் ஓடி ஓடி உழைப்பவர், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

அவளும் பழகியிருந்தாள். நோயாளியின் பிரஷர் இறங்கும்போதுகூட, 'இப்போ சொன்னா கத்துவாரோ' என்று ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அந்த ஒரு கணம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தார். பல வருஷம் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். இப்போது வசதியில்லாத ஆஸ்பத்திரிகளாகத் தேடிப் போய், தியேட்டரில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். தோளில் ஒரு பை, கட்டைக் குரல், ஓயாத சிரிப்பு. வந்த அன்றே எல்லோருக்கும் 'டீச்சரம்மா' ஆகிவிட்டார்.

"பேசக் கத்துக்கொடுக்க ஒரு ஆளா?" என்று பட்டாசு முணுமுணுத்தார். "புது மானிட்டர் ஒண்ணு கொடுத்தாலாவது பிரயோஜனம்."

டீச்சரம்மா காதில் விழுந்தும் விழாததுபோல, மேஜைமேல் ஒரு தலையணையைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார். "இவர்தான் நோயாளி. சிஸ்டர், இன்னைக்கு நீங்க சர்ஜன். சார், நீங்க நர்ஸ்."

தியேட்டர் சிஸ்டர் தயங்கிக்கொண்டே கையுறை மாட்டினாள். ஆனால் தலையணைமேல் கை வைத்ததும் அவளுக்குள் ஏதோ புகுந்துகொண்டது. "அதைக் கொடுங்க!" என்றாள்.

"எதை?" என்றார் பட்டாசு.

"அட, அதைத்தாங்க! எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? இதுகூடவா தெரியாது?"

அச்சு அசல் அவர் குரல். மனைவிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறிவிட்டது.

"நான் இப்படியா பேசுறேன்?" என்று கேட்டார் அவர். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, புரியுது" என்று கையிலிருந்த கருவித் தட்டைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. கருவியைப் பெயர் சொல்லிக் கேட்பது, கொடுப்பவர் அதைத் திருப்பிச் சொல்வது, கத்தி வைக்கும்முன் ஆளுக்கொரு கவலையைச் சொல்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றில் மட்டும் முரண்டு பிடித்தார். "கொஞ்சம் நிறுத்துங்க" என்று யார் சொன்னாலும் சர்ஜன் நிறுத்த வேண்டுமாம்.

"கை வயித்துக்குள்ள இருக்கும்போது எப்படிம்மா நிறுத்துறது?"

"கையை எடுக்கச் சொல்லல சார். அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அவங்க சொல்றதைக் கேளுங்க."

அந்த வாரமே, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவர் ஒரே பாய்ச்சலாகப் பாய்வார். இன்று கத்தியைக் கையில் வாங்குமுன் நிமிர்ந்தார். "யாருக்கு என்ன கவலை? சீக்கிரம் சொல்லுங்க."

"ரத்தம் ஒரு பைதான் இருக்கு," என்றாள் மனைவி.

"கூட வேலை செய்றவங்க வெளியில நிக்கிறாங்க டாக்டர்," என்றாள் சிஸ்டர். "அவங்க ரத்தம் சேருதான்னு இப்பவே பார்க்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கியது. அவர் துணியை வைத்து அடைத்துவிட்டு, கிழிந்த இடத்தைத் தேடி உள்ளே போனார். மானிட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. அவளுக்குள் பழைய தயக்கம் எட்டிப் பார்த்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் நிறுத்துங்க. பிரஷர் கட்டுக்கு அடங்கல. ரத்தம் ஏத்த எனக்கு நேரம் வேணும்."

இன்னும் ஒரு விரற்கடை போனால் மண்ணீரல் அவர் கைக்குள். எந்த சர்ஜனுக்கும் அந்த இடத்தில் நிற்பது லேசல்ல என்று அவளுக்குத் தெரியும். அவர் நின்றார். "நிறுத்திட்டேன். அழுத்திப் பிடிச்சிருக்கேன். நீ சொன்னதும் தொடங்குறேன்."

யாரும் கத்தவில்லை. அட்டெண்டர் ஓடிப்போய் அடுத்த பையோடு வந்தார். கொத்தனாரின் கூட்டாளி ஒருவருடைய ரத்தம், இன்னும் கதகதப்பாக இருந்தது. குனிந்தபடியே நின்ற கணவரின் முதுகு வலியில் விறைத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் "ஆச்சா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

எண் மெல்ல ஏறியது. "இப்போ தொடங்குங்க."

ரத்தக்குழாயைக் கட்டி, கிழிந்த மண்ணீரலை எடுத்து, வயிற்றை மூடினார். கொத்தனார் பிழைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா இத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சும்மா நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கை கழுவும் இடத்தில் பட்டாசு டீச்சரம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எங்க தப்பு பண்ணினேன், சொல்லுங்க."

"சிஸ்டர் நல்ல யோசனை சொன்னாங்க. நீங்க ஒரு நன்றிகூடச் சொல்லல சார்."

அவர் குழாயை மூடினார். கையைத் துடைக்கக்கூட நிற்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, சிஸ்டரைத் தேடிக்கொண்டு போனார்.