நடுவில் இருந்த பெட்டி

பேறுகால விடுப்பு முடிந்து தமிழ்செல்வி பெங்களூர் ஆபீஸுக்குத் திரும்பிய வாரமே பூபதி ஒரு கேமரா வாங்கி வந்தான். மாடி வீட்டில், தர்ஷினியின் தொட்டிலுக்கு மேலே மாட்டினான். பகலில் பிள்ளை பார்க்க வந்த சென்னம்மா குழந்தையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்கு நடுவே ஒரு தரம் பிள்ளை முகத்தைப் பார்த்தால் போதும் என்றாள்.

பூபதிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஓசூர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பதே அவன் வேலை. இன்டர்நெட் இணைப்பு கீழ்வீட்டுச் சரோஜம்மாளுடையது, வீட்டுக்காரரும் அவர்தான். மோடம் அவருடைய கூடத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு கேபிள் மாடிக்கு ஏறி, பூபதியின் ரவுட்டரில் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பை மோடம் ரவுட்டரிடமும், ரவுட்டர் கேமராவிடமும் கைமாற்றிவிட வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அவ்வளவுதான். இரண்டு பெட்டியிலும் எழுதிவைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டான்.

"ஒண்ணும் வரலைங்க. வெள்ளையாவே நிக்குது."

எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அதே பதில்தான்.

மின்விடுமுறை என்று கம்பெனியை மூடியிருந்த ஒரு நாள், சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. மோடம் கொடுக்கிற முகவரி வரிசை ஒன்று, மாடி ரவுட்டருக்கு வந்து சேர்ந்திருப்பது வேறொரு வரிசை. அப்படியென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு பெட்டி இருக்கிறது. கேபிளைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினான். அது கூடத்துக்கு நேராகப் போகவில்லை. பூட்டிக் கிடந்த பக்கத்து அறையின் ஜன்னல் சந்துக்குள் நுழைந்து மறைந்தது.

அது பிரகாஷின் அறை. சரோஜம்மாளின் ஒரே மகன். பெங்களூரில் வேலை பார்த்தவன். பூபதி குடிவருவதற்கு முன்பே, குந்தாரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான்.

பூபதி மாடிக்குத் திரும்பி, லேப்டாப் வழியாக அந்த நடுப்பெட்டிக்குள் நுழைந்தான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு போர்ட் ஃபார்வர்டிங் எழுதப்பட்டிருந்தது. அதற்கு 'அம்மா' என்று பெயர். கீழ்க்கூடத்து அலமாரியின் மேல் உருண்டையாக ஒரு கேமரா இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. ஆபீஸிலிருந்து தாயைப் பார்த்துக்கொள்ள மகன் வைத்தது போலும். அதுவரை சரி. அடுத்த பக்கத்தைத் திறந்தான். அந்தக் கேமராவை அந்த நிமிஷம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவனோ திருட்டுப்பயல், தனியாக இருக்கிற பொம்பளையை வேவு பார்க்கிறான் என்று ஆத்திரமாக வந்தது. முகவரியைத் தேடினான். அது வெளியிலிருந்து வரவில்லை. நடுப்பெட்டி தானே கொடுத்த முகவரி. பார்ப்பவர் பூட்டிய அறைக்குள் இருந்துதான் பார்க்க வேண்டும்.

கீழே சரோஜம்மாள் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பூபதியைக் கண்டதும் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். அலமாரி மேல் 'கிர்' என்று மெல்லிய சத்தம். கேமரா அவர் போகும் பக்கமாகத் திரும்பியது.

"அது... திரும்புதும்மா."

"திரும்பும்ப்பா. நான் எங்க போனாலும் அந்தப் பக்கம் பாக்கும். சாப்புட உக்காந்தா தட்டப் பாக்கும்."

"தானா திரும்பாதும்மா. யாராச்சும் உக்காந்து பாத்துத் திருப்பணும்."

"அதாம்ப்பா," என்றார் சரோஜம்மாள்.

அவன் சாவி கேட்டான். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

அறையில் கட்டிலும் மேஜையும் இருந்தன. கொக்கியில் இரண்டு சட்டைகள். மேஜை வெறுமையாகக் கிடந்தது.

"கம்ப்யூட்டர் எங்கம்மா?"

"அத அப்பவே குடுத்துட்டன். எந்தம்பி அஞ்செட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

சுவரோரம் அந்தப் பெட்டி. மோடத்துக்கு ஒரு கேபிள், மாடிக்கு ஒன்று, கூடத்துக் கேமராவுக்கு ஒன்று. இன்னொன்று மேஜையிலிருந்து தொங்கி, தரையில் முடிந்தது. அதன் நுனி எதிலும் செருகியிருக்கவில்லை. ஆனால் பெட்டியில் அந்தக் கேபிளுக்கு உரிய பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பூபதி குனிந்து நுனியைக் கையில் எடுத்தான். வெறும் பிளாஸ்டிக். விளக்கு துடித்தது.

கூடத்தில் 'கிர்' என்றது. நிமிர்ந்தான். திறந்த கதவு வழியாக, கேமரா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புடுங்கிடாதப்பா," என்றார் சரோஜம்மாள்.

எடுத்த இடத்திலேயே நுனியை வைத்துவிட்டு மாடிக்கு வந்தான். நடுப்பெட்டியில் 'அம்மா'வுக்குக் கீழே, வேறு போர்ட்டில் தன்னுடைய கேமராவைச் சேர்த்தான். மற்ற எதையும் தொடவில்லை. போன் உடனே அடித்தது.

"தெரியுதுங்க! ஒருக்களிச்சுத் தூங்குதா பாருங்க!" தமிழ்செல்வி அழுதேவிட்டாள். அவளிடம் அவன் மற்றதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு வருஷத்தில் அவர்கள் பெங்களூருக்கே குடிபெயர்ந்தார்கள். சாமான்கள் வண்டியில் ஏறும்போது சரோஜம்மாள் வந்து நின்றார்.

"கரண்டு போயி வந்தா அந்தப் பொட்டி சில சமயம் மொறண்டு புடிக்குது. எத அமுக்கணும்னு காட்டிட்டுப் போப்பா."

பூபதி அவரை அறைக்கு அழைத்துப் போய்ப் பின்பக்கத்துப் பொத்தானைக் காட்டினான். அவரையே அமுக்கச் சொன்னான். விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாக வந்தன. கடைசி விளக்கும் வரும்வரை சரோஜம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் கேமராவுக்கு நேராகப் போய் உட்கார்ந்தார்.