முடிவு வைக்காத பாட்டு

குமாரபாளையத்தில் கந்தவேல் வீட்டில் 1975ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தொடங்கிய பாட்டு இன்னும் முடியவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில், பவானியில், இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் எது நடந்தாலும் பாலம் தாண்டுவதற்குள் பொய்யாகிவிடும், அது பழைய வியாதி. நம்பாதவர்கள் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகட்டும். கதவு சாத்தியிருந்தாலும் கேட்கும்.

வாசித்தவர்கள் மூன்று பேர், மூவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கந்தவேல் சேலத்துக்குப் பாலிடெக்னிக் படிக்கப் போய், படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு கிடாரோடு திரும்பி வந்தவன். தங்கமுத்து டிரம் அடிப்பான். சின்னண்ணனிடம் தடித்த கம்பி போட்ட இன்னொரு கிடார் இருந்தது, அது உறுமும். ஆம்ப்ளிஃபையரைச் செய்துகொடுத்தவர் பவானியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான், ஆகவே அந்த ஊருக்கும் இதில் பங்கு உண்டு, அதை மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் வாசித்தது ராக். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம், சொந்தப் பாட்டுத்தான் என்று ஒரே பிடிவாதம். அதனால் மாரியம்மன் பண்டிகைக்கும் கூப்பிடவில்லை, கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. தெரியாத்தனமாகக் கூப்பிட்ட ஒரு காதுகுத்து வீட்டில், மடியில் பிள்ளையை வைத்திருந்த தாய்மாமனே எழுந்து வந்து வயரைப் பிடுங்கிவிட்டார். அப்புறம் யார் இடம் கொடுப்பார்கள்? சரி, நம் வீடு இருக்கிறது, நம் வீட்டிலேயே கச்சேரி வைப்போம் என்று கந்தவேல் சொன்னான்.

ஒத்திகையெல்லாம் அவன் வீட்டை ஒட்டிய தறிப்பட்டறையில்தான் நடந்தது. விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நின்று வாசித்தால் அக்கம்பக்கத்தார் யாரும் சண்டைக்கு வர முடியாது, எது தறி எது டிரம் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. அது மின்வெட்டுக் காலம். மத்தியானம் இரண்டு மணி அடித்தால் கரண்டு போகும். தறி நிற்கும், ஆம்ப்ளிஃபையர் நிற்கும், பாட்டும் நிற்கும், எல்லாம் ஒரே நொடியில், கத்தரித்த மாதிரி. கேட்பதற்கு அது நன்றாகவும் இருந்தது. ஆகவே மூவரில் ஒருவனுக்கும் பாட்டுக்கு ஒரு முடிவு வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தறிக்காரன் பிள்ளைக்குத்தான் இந்தப் புத்தி வரும். கரண்டு போனால் வேலை முடிந்தது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போக வேண்டியதுதான்.

கந்தவேலின் மனைவி கமலவேணி ராசிபுரத்துப் பெண். அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். அவளைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, சொந்தபந்தத்துக்கு விருந்து போட்டு, பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போகிற கட்டுச்சோறு நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். எப்படியும் வீடு நிறைய ஜனம் வரும், தனியாகக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை என்று கந்தவேல் கச்சேரியை அன்றைக்கே வைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான். கூடத்திலிருந்த நூல் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி, பாய் விரித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டவர்களை அப்படியே உட்கார வைத்தார்கள். கடைசிப் பாட்டை ஒன்றரைக்குத் தொடங்குவது, இரண்டு மணிக் கரண்டோடு அது டக்கென்று நிற்பது, ஜன்னல் இல்லாத கூடத்து இருட்டில் மூவரும் கும்பிடு போடுவது என்று திட்டம். பாட்டில் மொத்தம் நாலு வரி. என்ன வரி என்று அந்தச் சத்தத்தில் யாருக்கும் விளங்கியதில்லை.

இரண்டு மணிக்குத் தெரு முழுக்கக் கரண்டு போனது. கந்தவேல் வீட்டில் மட்டும் போகவில்லை. பல்பு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, பாட்டும் ஓடியது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல் பாட்டை இன்னொரு சுற்று கொண்டுபோனார்கள். அப்புறம் இன்னொரு சுற்று. வந்த ஜனம் முதலில் கை தட்டியது, பிறகு கொட்டாவி விட்டது, பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. ராகுகாலம் வருவதற்குள் புறப்பட வேண்டும் என்று ராசிபுரத்துக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். கமலவேணி கை நிறைய வளையலோடு கந்தவேல் முன்னால் வந்து நின்று, “போயிட்டு வாரேனுங்க” என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

மறுநாளும் இரண்டு மணிக்குத் தெருவில் கரண்டு இல்லை, இந்த வீட்டில் இருந்தது. மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன் கம்பத்தில் ஏறி, இந்த வீட்டுக்கு வருகிற வயரைத் துண்டித்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. “வயருல கரண்டு இல்லீங்க. ஊட்டுல இருக்குதுங்க” என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் கந்தவேலின் பெரியப்பா குமாரசாமி, தெருவில் பெரிய பட்டறைக்காரர், வேறு கணக்குப் போட்டார். அந்த வீட்டிலிருந்து ஒரு வயரைத் தன் பட்டறைக்கு இழுத்து மாட்டினார். தறி ஓடியது. ஒரு வாரத்துக்குள் தெருவில் இருந்த எல்லாப் பட்டறைக்கும் கந்தவேல் வீட்டிலிருந்து வயர் போனது. ஊரெல்லாம் தறிக்காரர்கள் பகலில் சீட்டாடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவில் மட்டும் லுங்கியும் துண்டும் மூட்டை மூட்டையாக லாரி ஏறின. உலை வைக்காத வீடு ஒன்றுகூட இல்லை. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது, பசி தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தறிகள் பாட்டோடு சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் டிரம் அடியைத் தறிகளே எடுத்துக்கொண்டன, சின்னண்ணனின் உறுமலை மோட்டார்கள் எடுத்துக்கொண்டன. தங்கமுத்து எழுந்து போய்க் குளித்துவிட்டு, கல்யாணம் கட்டிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டான். சின்னண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்வெல் கிணறு போடப் போனான். கந்தவேலின் கம்பியை எடுத்துக்கொள்ளத்தான் ஊரில் இயந்திரம் இல்லை. அவன் கையை எடுத்தால் கரண்டு போய்விடும் என்று தெரு முடிவு செய்தது. முதல் வருஷத்திலேயே ஒருநாள் அவன் தும்மினபோது கடைசிப் பட்டறையில் பல்பு மங்கியது என்று பேச்சு. பார்த்தவர் யாரும் இல்லை, கேட்டவர்கள் நிறையப் பேர். அதற்கப்புறம் அவனுக்கு முட்டையும் பாலும் முறை வைத்து வந்தன. தங்கை குஞ்சம்மாள் சோறு ஊட்டினாள். வயரைக் கொல்லைப்புறத்துப் பொடக்காலி வரைக்கும் நீளமாக இழுத்துவிட்டிருந்தார்கள், அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. தூங்கினானா என்றால் தூங்கினான், கை மட்டும் தூங்கவில்லை. இராத்திரி ஷிப்டில் தறி ஓட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் கிடையாது.

ராசிபுரத்தில் பெண் பிறந்தது, சாலம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் கமலவேணி பிள்ளையோடு வந்தாள். இப்படி முதல் தடவை வருகிற பிள்ளைக்கு வாசலில் ஆரத்தி சுற்றி, அப்பன் கையில்தான் கொடுத்து உள்ளே கொண்டுபோவார்கள். ஆரத்தி சுற்றினார்கள். கமலவேணி பிள்ளையை நீட்டினாள். கந்தவேல் கண்ணால் கிடாரைக் காட்டினான். பின்னால் நின்ற குமாரசாமி, “அவனக் கையெடுக்கச் சொல்லாத அம்மிணி, தெருவு பொழப்பு அதுல கெடக்குது” என்றார். அத்தைக்காரி குஞ்சம்மாள்தான் பிள்ளையை வாங்கி உள்ளே போனாள். கமலவேணி வெறுங்கையோடு பின்னால் போனாள். அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்: அந்த மனுஷன் அந்தப் பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும். கந்தவேலுக்கும் அதுதான் ஆசை. ஆசை இருந்து என்ன? பிள்ளை தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொள்ளும், நிற்கப் பழகும்போது அவன் வேட்டியைப் பிடித்துத்தான் எழும், விழுந்தால் அவன் வாயால் “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல” என்பான். காய்ச்சலில் அனத்தினபோது அதன் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். கை கிடாரில் இருந்தது. இப்படியே வருஷம் மூன்று ஓடிவிட்டது.

1978 ஆடிப் பதினெட்டு. காவேரி இரு கரையும் தொட்டுப் போனது. அன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது, தெருவே பூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டது. அடியும் உறுமலும் இல்லாமல் அன்று கிடார் மட்டும் தனியாகக் கேட்டது. காவலுக்குக் குமாரசாமி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் அப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போவதைச் சாலம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழ ஆரம்பித்தது.

“நான் தூக்கிட்டுப் போறன் வா சாமி” என்றார் குமாரசாமி.

“நீங்க வேண்டாம். அப்பா.”

கமலவேணி புருஷனைப் பார்த்தாள். “ஏனுங்க, இன்னைக்கு ஒரு தறியும் ஓடல. ஒரு நாளைக்குக் கையெடுத்தா என்னங்க?”

“அம்மிணி, வெளையாடாத” என்று குமாரசாமி எழுந்துவிட்டார். “நாளைக்குக் கரண்டு வருலீன்னா தெருவுல அத்தன அடுப்புக்கும் நீயா பதில் சொல்லுவ?”

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டான். “நின்னு போச்சுன்னா மறுக்கா ஆரம்பிக்க எனக்குத் தெரியாது கமலா. இதோட மொதலே எனக்கு மறந்து போச்சு” என்றான். சொல்லும்போது அவனுக்கு உதடு கோணியது.

கமலவேணி பிள்ளையைத் தூக்கி, சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த நூல் மூட்டைகளின் உச்சியில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றாள்.

“அப்பா மேல குதி சாமி” என்றாள்.

பிள்ளைக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. குதித்துவிட்டது. கந்தவேலின் இரண்டு கையும் மேலே போய் அதைப் பிடித்தன. குமாரசாமி இருட்டை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பல்பு எரிந்தது. வாரில் தொங்கிய கிடார் கந்தவேலின் இடுப்பில் ஆடிக்கொண்டு, ஒரு விரலும் படாமல், அதே சுற்றை அதே இடத்திலிருந்து வாசித்துக்கொண்டு போனது. ஒரு சுரம்கூடத் தவறவில்லை. குமாரசாமி கண்ணைத் திறந்து பல்பைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார், மறுபடி பல்பைப் பார்த்தார். “அட கண்றாவியே” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். கமலவேணிதான் தரையில் சரிந்து ஓவென்று அழுதாள். அவள் இருட்டுக்குத் தயாராக இருந்தாள், தெருவே திரண்டு வந்து ஏசப் போவதற்குத் தயாராக இருந்தாள். இதற்கு அவள் தயாராக இல்லை. “எப்ப இருந்துங்க? எப்ப இருந்து கை வேண்டாம இருந்துச்சு?” என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்? முந்தின நாளிலிருந்து இருக்கலாம். ஆரத்தி சுற்றின அன்றைக்கே இருக்கலாம். கந்தவேல் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான், அவனும் அழுதான்.

மறுநாள் தறிகள் எப்போதும் போல ஓடின. கிடாரை ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார்கள். எண்பதுகளில் மின்வெட்டு குறைந்தும் கூடியும் வந்தது, எங்கள் தெருவுக்கு அது செய்தியில் கேட்கிற விஷயம்தான். பக்கத்தில் சாவு விழுந்தால் கிடார் மேல் ஒரு கம்பளியைப் போர்த்துவார்கள், சத்தம் கொஞ்சம் அடங்கும். 1983இல் வெள்ளையடித்தபோது அதை இறக்கித் துடைத்து மறுபடி மாட்டினார்கள். சாலம்மாள் அந்தச் சத்தத்திலேயே வாய்ப்பாடு படித்தாள். கந்தவேல் பட்டறையைப் பார்த்துக்கொண்டான். வேறு பாட்டு எதுவும் அவன் கட்டவில்லை, கேட்டால் இது முடியட்டும் என்பான்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஆடிப் பதினெட்டு அன்று அப்பன், அம்மா, பிள்ளை மூவரும் கிளம்பி ஆற்றுக்குப் போனார்கள். வீடு தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது, ஆடு நுழையாமல் இருக்கக் குமாரசாமி கதவைச் சாத்தினார். பாலத்தில் நல்ல கூட்டம். கந்தவேல் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்து, அதன் இரண்டு காலையும் இரண்டு கையால் பிடித்திருந்தான். மூன்று வருஷம் கம்பி அழுத்தின விரல்கள் ஆணி போலக் காய்த்துப் போயிருந்தன.

“கை குத்துதுப்பா. உடுங்க” என்றது சாலம்மாள்.

அவன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். விடவில்லை.