தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

ரோமுக்கு நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போனோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஒரே பிள்ளை தொனாத்தோ ஐந்து வருஷம் அங்கே தங்கிப் படித்து இன்ஜினியர் பட்டம் வாங்கப்போகிறான் என்று போனோம். பட்டமளிப்பு வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர் கார்மினேவுக்கு எங்கே பொறுமை? திங்கட்கிழமையே போய் இறங்கிவிட்டோம். பெட்டியில், பட்டம் வாங்கியதும் எங்கள் வழக்கப்படி அவன் தலையில் சூட்ட எங்கள் தோட்டத்துப் பிரிஞ்சி இலை வளையம், வாழ்த்த வருபவர்களுக்குக் கொடுக்கச் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம். புதன் மாலை எங்கள் மலையூரிலிருந்து ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்கள் கிளம்புவதாக ஏற்பாடு.

இரண்டு நாள் அவன்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தான். இவர் கொத்தனார். பாதி இடிந்து நிற்கும் அந்தப் பழைய அரங்கத்தின் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னார்.

"நிலநடுக்கத்துல நம்ம தெருவே இப்படித்தான் கெடந்துச்சு. ஒரு பய டிக்கெட் வாங்கிப் பாக்க வரல."

எனக்கு வேறு ஆச்சரியம். எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் ஜில்லென்று வரும், எந்த வாசலில் குளிர்காலத்திலும் வெயில் விழும், எந்தப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"படிக்கிற புள்ளைக்கு இவ்ளோ சுத்த ஏதுடா நேரம்?" என்று கேலியாகத்தான் கேட்டேன்.

"நடந்தா மூளைக்கு நல்லதும்மா" என்றான்.

புதன் காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சர்ச். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். கால் வலிக்கிறது, உட்கார வேண்டும் என்று நான்தான் உள்ளே போனேன். இவர் வாசலிலேயே நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த வயதான கோயில்பிள்ளை தொனாத்தோவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாப்பா! இவங்கதான் உங்க அம்மாவா? அம்மா, நீங்க குடுத்து வெச்சவங்க. நாலு வருஷமா காலைல நான் கதவத் திறந்தா மொத ஆளா இவன்தான் நிப்பான். அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் எடம். மதியம் நான் பூட்டுற ரெண்டு மணி நேரம் மட்டும் வெளிய சுத்திட்டு வருவான். சாயங்காலம் பூட்டுறப்பதான் எழுந்து போவான். இந்தக் காலத்துல இவ்ளோ பக்தி யாருக்கு இருக்கு?"

பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

"என்ன, ஊரே வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளக் காணமாட்டோம். சனிக்கிழமையும் வரமாட்டான்."

சனியும் ஞாயிறும் கல்லூரி கிடையாது. அன்று அவன் கல்லூரிக்குப் போவதுபோல் கூடத் தங்கியிருக்கும் பையன்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.

திரும்பி அவனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தன பரிட்சைடா எழுதின?"

"மொத வருஷம் மூணு. அப்புறம் போகல. சொல்லணும் சொல்லணும்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவேன். அப்பா தெருவெல்லாம் சொல்லி வெச்சிருப்பாரு."

"நாளைக்கு எங்கள எங்கடா கூட்டிட்டுப் போறதா இருந்த?"

பக்கத்து ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"நாளைக்கு நீங்க எழுந்திரிக்கிறப்ப நான் இருந்திருக்கமாட்டேம்மா."

இரண்டு நாளாக என் பக்கத்தில் நடந்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, என் செருப்பு வாரை மாட்டிவிட்ட பிள்ளை இதை மனசில் வைத்துக்கொண்டா சிரித்தான்? அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு வெளியே வந்து, இவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இவர் முதலில் சிரித்தார். பிறகு கை ஓங்கினார். நான் நடுவில் புகுந்தேன்.

"அடிக்கிறதுன்னா ஊர்ல போய் அடிங்க. ஊருக்கு இவன் உசுரோட வந்து சேரணும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர் சர்ச் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அங்கேயே போனை எடுத்து, பஸ் ஏற்பாடு செய்த தன் தம்பியைக் கூப்பிட்டார்.

"யாரும் வர வேண்டாம்டா... புள்ளைக்கு ஒடம்பு..."

"பொய் போதுங்க" என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "பட்டம் இல்லடா. ஆமா, இல்ல. நாங்க மூணு பேரும் ராத்திரிக்குள்ள வந்துருவோம்."

நாங்கள் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டி கட்டியபோதும், ஸ்டேஷனில் கூட்டத்தில் இடிபட்டபோதும் நான் அவன் கையை விடவில்லை. ரயில் கிளம்பி வெகுநேரம் ஆன பிறகு, "வலிக்குதும்மா" என்றான்.

"வலிக்கட்டும்" என்றேன்.