மு போட்ட பக்கம்

என் பேரில் எழுதியிருந்த கடன் பதினான்காயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். நான் கைநீட்டி வாங்கிய பணமில்லை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ரப்பர் ஷெட்டின் முதலாளி ஆசீர்வாதம், நான் ஒட்டிய வளையம் ஒன்று சரியில்லை என்று எழுதி வைத்தது. சம்பளத்தில் மாதம் ஆயிரம் பிடிப்பதாகப் பேச்சு. முதல் ஆயிரத்தைப் பிடித்தும் விட்டார்.

ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜினை மூடும் பானட்டின் மேல் மூக்கு மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்கூப் என்பார்கள். அதில் நுழையும் காற்று சிந்தாமல் இன்ஜினுக்குப் போக, பானட்டுக்கும் கீழே இருக்கிற காற்றுப் பெட்டிக்கும் நடுவில் ஸ்பாஞ்சு ரப்பர் வளையம் வைக்க வேண்டும். வளையத்தில் ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிசு. தடித்த பக்கம்தான் முன்னால் வர வேண்டும்.

புதுவாயல் மெக்கானிக் வசந்தகுமார் வாங்கிப்போன வளையத்தைப் பொருத்திய கார், பந்தயத் தடத்தில் ஓடியது. வேகம் நூற்றைம்பதைத் தாண்டியதும் பானட் படபடவென்று அடித்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டீரிங் பிடிப்பே இல்லாமல் போனதாம். ஓட்டியவர் பயந்து நிறுத்திவிட்டார். தடத்தின் வாடகை, வளையத்தின் விலை எல்லாம் என் தலையில் விழுந்தது.

நான் ஒட்டியதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்துப் புதுவாயல் போனேன். கார் இன்னும் அங்கேதான் நின்றது. பானட்டைத் திறக்கச் சொன்னேன். வசந்தகுமார் முனகிக்கொண்டே திறந்தான். தடித்த பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் நான் எழுதிய 'மு' பின்னால், ஓட்டுகிறவரைப் பார்த்து இருந்தது.

"இன்னாப்பா, முன்னாடி வர்றத பின்னாடி வச்சிக்கினு கீற?"

"முன்னாடின்னு எங்கக்கா போட்டுகீது?"

"அதான் மு போட்டுகீறேனே."

அவன் வளையத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீ முத்தம்மா. உன் பேரப் போட்டுக்கினு கீறன்னு நெனச்சேன்கா."

அவனைக் குறை சொல்ல முடியாது. எழுத்து கைக்கு வந்த புதிதில் டிபன் டப்பா, குடை, செருப்பு, ஷெட்டின் தண்ணீர்க் குடம் வரைக்கும் மு போட்டவள் நான். சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறவன் அவன்தான். முன்பக்கத்தைக் காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் தீர்ந்துபோன அன்று, முன் என்பதற்கு வளையத்திலும் 'மு' என்று எழுதிவிட்டேன்.

மெலிசான பக்கம் முன்னால் போனதால் சந்து விழுந்து, காற்று பானட்டுக்கு அடியில் புகுந்திருக்கிறது. வசந்தகுமார் வளையத்தைத் திருப்பி வைத்து மூடினான். இரண்டு கையாலும் அழுத்தினேன். அசையவில்லை.

புதன்கிழமை மறுபடி தடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று முழுக்கக் கத்திரி என் கையில் ஓடவேயில்லை. மத்தியானம் வசந்தகுமார் பேசிய போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு முதலாளி என்னிடம் வந்தார்.

"நூத்தி எம்பது போச்சு சார். பானட் ஆடவே இல்ல, ஸ்டீரிங் கெட்டியா நிக்குது. தப்பு என்னுது. தட வாடகைய நான் பாத்துக்கிறேன், அக்காவ வுட்ருங்க."

ரப்பர் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி நோட்டை எடுத்து வந்து, என் கண்ணெதிரே அந்த வரியை அடித்தார்.

"இனிமே 'முன்'னு முழுசா எழுதும்மா."

"எழுதுறேன் சார். புட்ச்ச ஆயிரம்?"

சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு எடுத்து நீட்டினார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.